ஐந்தாவது முகவரி

எதுவும் சொருகாத துளைக்கு எதற்கு விளக்கு எரிகிறது என்று அகோசிதா முதலில் எரிச்சல்தான் பட்டாள்.

ஆஸ்பத்திரியின் எல்லா அறைகளிலிருந்தும் வரும் கணினிக் கம்பிகள், அந்தச் சின்ன சர்வர் அறையின் ஸ்விட்ச் பெட்டியில் வந்து சேரும். ஒவ்வொரு துளைக்கும் ஒரு குட்டிப் பச்சை விளக்கு. கம்பியின் அந்த முனையில் ஏதாவது இயந்திரம் இருந்தால்தான் எரியும். எந்தத் துளை எந்தக் கட்டிலுக்கு என்று, அங்கே கணினி வேலை பார்க்கும் அவளே டேப் ஒட்டி எழுதி வைத்திருந்தாள். இப்போது மினுக்கிக்கொண்டிருந்தது ஆண்கள் வார்டின் ஜன்னலோரக் கட்டில். அந்தக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் இரண்டு சாக்கெட்டுகள் உண்டு. ஒன்றில் சுவாச இயந்திரத்தின் கம்பி இருந்தது. அதன் விளக்கு ஒழுங்காக எரிந்தது. இது இன்னொன்று. கட்டடம் கட்டிய நாளிலிருந்து யாரும் எதையும் சொருகாதது. அதன் விளக்கு மெதுவாகப் பிரகாசமாகி, மங்கி, கொஞ்சம் யோசித்து, மறுபடி பிரகாசமானது. ஸ்விட்ச் விளக்குகள் படபடவென்று துடிக்கும்; இப்படி நிதானமாக எரிந்து அவள் பார்த்ததில்லை.

அந்த ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவன் அவளுடைய தம்பி பெனி.

வெள்ளிக்கிழமை கடல் அட்டை எடுக்க மூழ்கியவன், யாரும் மூழ்காத ஆழத்துக்குப் போய், வரக்கூடாத வேகத்தில் மேலே வந்துவிட்டான். படகில் ஏற்றும்போது ஏதோ பேசினானாம். கரைக்கு வருவதற்குள் கை கால் விழுந்து, நினைவும் போய், இப்போது இயந்திரம்தான் அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தலைநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் சனிக்கிழமை முழுக்க இடி மின்னல், இன்று ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் டோங்காவில் கடை திறக்காது, படகு கிளம்பாது, விமானம் பறக்காது. நாளைக் காலைவரை பெனியைப் பிடித்து வைத்திருக்க எங்கள் ஹாபாய்த் தீவில் இருந்த ஒரே வழி, நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருந்த டாக்டரம்மாதான். அவர் அங்கிருந்தே பெனியின் மானிட்டரைப் பார்த்து, இயந்திரத்தை எப்படித் திருப்புவது என்று சொல்லுவார். பார்க்க முடிந்தால். நேற்றைய மின்னலில் ஆஸ்பத்திரியின் ரவுட்டர் கருகிப்போயிருந்தது.

அதனால்தான் கோயிலுக்குப் போகாமல், மரியாதைக்காக உடையின் மேல் கட்டும் இடுப்புப் பாயைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, புது ரவுட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் வெள்ளையாகக் கொளுத்தியது. மண் அடுப்புகளைத் திறந்த வாசனையும், மூன்று கோயில்களின் பாட்டும், குளிர்சாதனம் சொட்டும் சத்தமும் ஒன்றாகக் கலந்து அந்த அறைக்குள் வந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. தண்ணீர் வற்றிய பாறை இடுக்கின் வாசனை. கடற்கரை இங்கிருந்து தூரம்.

மேஜைத் தொலைபேசி அடித்தது. வார்டிலிருந்து ஃபாத்தாய் அத்தை.

"ஏண்டி, இன்னுமா அந்தப் பெட்டியப் போட்டு நோண்டிட்டிருக்க? நான் வீட்டுக்குப் போயி, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டே வந்துட்டேன்."

"முடியப் போகுது அத்தை. புதுப் பெட்டி, எல்லாத்தையும் மொதல்லேர்ந்து சொல்லிக் குடுக்கணும்."

"பெட்டிக்குப் பாடம் நடத்துறாளாம். அப்படி என்னத்தச் சொல்லிக் குடுக்குற?"

"வெளியில இருக்கிற உலகத்துக்குத் தெரியற வாசல் நம்மகிட்ட அஞ்சுதான் இருக்கு. உள்ளுக்குள்ள ஏகப்பட்ட மெஷினு. எந்த வாசல் எந்த மெஷினுக்குன்னு இதுகிட்ட சொல்லி வெக்கணும். அப்பத்தான் டாக்டரம்மா ஆக்லாந்துல தட்டினா பெனியோட மானிட்டர் திறக்கும். நாலு வாசலுக்கு ஆள் இருக்கு. ஒண்ணு காலி."

"காலியா இருக்குன்னு வெளிய சொல்லித் தொலைக்காத. நம்ம சொந்தக்காரனுங்க காதுல விழுந்தா கேட்டு வந்து நிப்பானுங்க." அத்தை தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. "பையன் மொகம் நல்லா இல்லடி. சீக்கிரம் பண்ணு. நான் மத்தியானப் பூசைக்குப் போயி அவனுக்காகப் பாடிட்டு வரேன்."

அப்பாவின் அக்கா அவள். அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. போன வருஷம் அகோசிதாவின் சலவை இயந்திரத்தைப் பார்த்து "இது எனக்கு" என்றாள். அகோசிதாவே ஒரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டாள். அத்தை என்றில்லை, எங்களிடம் ஒருவர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டால், அது நம்மிடம் இருந்தால், கொடுத்தாக வேண்டும். இல்லை என்பது கன்னத்தில் அறைவதைவிட மோசம்.

அத்தை வார்டில் உட்கார்ந்திருந்ததற்கும் காரணம் உண்டு. அகோசிதா அங்கே போக மாட்டாள். பெரியவளான நாளிலிருந்து அவளும் பெனியும் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துப் பேசியதில்லை, தொட்டதில்லை. அக்காவுக்குத் தம்பி தரும் மரியாதை அது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டார்கள். இவர்கள் இருவரும் விடவில்லை. பெனி வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் நின்று மீனைக் கீழே வைப்பான். தரையைப் பார்த்தபடி "நல்லாருக்கியாக்கா" என்பான். போய்விடுவான். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் பார்த்தது கதவிடுக்கில் தெரிந்த அவன் பாதங்களை மட்டும்தான். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொடுக்க முடியாத அக்கா, அவனுக்காகச் செய்யக் கூடியது இந்தக் கம்பி வேலை ஒன்றுதான்.

நான்கு வாசலுக்குமான கட்டளை வரிகளை அடித்தாள். ஒவ்வொரு வரியிலும் வாசலின் வெளி முகவரி ஒன்று, இயந்திரத்தின் உள் முகவரி ஒன்று. எக்ஸ்ரே படங்களுக்கு ஒன்று, நோயாளிகளின் விவரங்களுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று. கடைசியாக மானிட்டர்களுக்கு.

சற்று நேரத்தில் கைபேசியில் ஆக்லாந்து டாக்டரம்மா வந்தார். டோங்காக்காரிதான், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

"அகோசிதா, எல்லாம் தெரியுது. நல்ல வேலை பண்ணினீங்க." "ஒளிக்காம சொல்றேன். மெஷின் முழு வேகத்துல ஓடுது, அப்பவும் ரத்தத்துல ஆக்சிஜன் எறங்கிட்டே போகுது. நாளைக்கு பிளேன் வர்ற வரைக்கும் தாங்குவாரான்னு தெரியல. நான் இங்கயே உக்காந்திருக்கேன். நீங்க ஜெபம் பண்ணுங்க."

அவள் ஜெபம் பண்ணினாள். விசைப்பலகையின் மேல் நெற்றியை வைத்து, சத்தம் வராமல் அழுதுகொண்டே பண்ணினாள்.

மேஜைத் தொலைபேசி மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"அகோசிதா." அத்தையின் குரல்.

"அத்தை, டாக்டரம்மா சொன்னாங்களா? பெனி…"

"அந்த அஞ்சாவது வாசல். காலியா இருக்கே. அத எனக்குத் தரியா?"

"எதுக்கு அத்தை?"

"பெனிக்குத்தான். தயவு பண்ணிக் குடும்மா."

பிறகு அந்தக் குரல் ஒரு உள் முகவரியைச் சொன்னது. எண் எண்ணாக, நடுவில் வரும் புள்ளிகளையும் விடாமல். அகோசிதா அதைக் கையிலேயே எழுதிக்கொண்டாள். நர்ஸ் ஏதோ புது இயந்திரத்தைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறாள், எண்ணைப் படித்துக் காட்டி அத்தையைப் பேசச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைக்க விரும்பினாளா? அத்தை "தயவு பண்ணி" என்று சொல்லி அவள் ஜென்மத்தில் கேட்டதில்லை. அந்தக் குரலின் பின்னால் பாட்டுச் சத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஹாபாயில் பாட்டுக் கேட்காத மூலை கிடையாது. இதெல்லாம் அவள் மனதில் ஓரமாகத் தட்டியது. ஆனால் கேட்டது அத்தை. கேட்டது பெனிக்கு. கையில் ஒன்று காலியாக இருந்தது.

"தரேன் அத்தை," என்றாள். ஐந்தாவது வரியை அடித்தாள்.

கைபேசி அதிர்ந்தது. டாக்டரம்மா கிட்டத்தட்டக் கத்தினார்.

"அகோசிதா! என்ன பண்ணினீங்க அங்க? ஆக்சிஜன் மேல ஏறுது! மெஷினோட சேந்து அவரே மூச்சு இழுக்கிறாரு! எனக்குப் புரியல, ஆனா எதையும் மாத்தாதீங்க. எதையும்!"

அகோசிதா எழுந்து நின்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாள், அழுதாள், கர்த்தருக்கும் அத்தைக்கும் நன்றி சொன்னாள். பிறகு உட்கார்ந்து, பழக்க தோஷத்தில், புது வரி எப்படி ஓடுகிறது என்று பார்த்தாள்.

ஒவ்வொரு வாசலிலும் உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று ரவுட்டர் காட்டும். மற்ற நான்கிலும் போக்கும் வரத்தும் இருந்தன. ஐந்தாவதில் வரத்து மட்டும். வந்துகொண்டே இருந்தது. வெளியே ஒரு துளிகூடப் போகவில்லை. எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். அனுப்புகிறவரின் முகவரி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அப்படி இருக்க முடியாது. வழியைத் தேடிப் பார்க்கச் சொன்னாள். எங்கள் தீவுக்கு உலகம் வருவதே கடலடியில் கிடக்கும் ஒரு கம்பி வழியாகத்தான். வழி, கரையில் அந்தக் கம்பி நீருக்குள் இறங்கும் கொட்டகை வரை போனது. அதற்கு அந்தப் பக்கம் எந்த ஊரும் வரவில்லை. கம்பி தண்ணீருக்குள் போனதும் வழி நின்றது.

பாறை இடுக்கின் வாசனை இப்போது நாக்கில் உப்பாக ஒட்டியது.

வார்டுக்குப் போன் போட்டாள். நர்ஸ் ஹிங்கா எடுத்தாள்.

"அக்கா! பெனி அண்ணன் நெஞ்சு தானா ஏறி எறங்குதுக்கா! வந்து பாருங்களேன், இன்னைக்காவது!"

"ஹிங்கா, அத்தைகிட்ட குடு."

"அவங்க கோயிலுக்குப் போயி எவ்ளோ நேரமாச்சு. இன்னும் வரல."

"இப்ப வார்டுலேர்ந்து எனக்குப் போன் பண்ணினது யாரு?"

"யாரும் பண்ணலையே. நான் இங்கயேதான இருக்கேன்."

அகோசிதா கையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். ஸ்விட்சிடம் கேட்டாள், இந்த உள் முகவரி எந்தத் துளையில் இருக்கிறது என்று. பதில் உடனே வந்தது. ஜன்னலோரக் கட்டில். இரண்டாவது சாக்கெட்.

"ஹிங்கா, தலைமாட்டுல ரெண்டாவது சாக்கெட்ல என்ன மாட்டியிருக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா." ஹிங்கா தயங்கினாள். "அண்ணனோட கைதான் அங்க போகுது. நீட்டி, வெரல அந்த ஓட்டைக்குள்ள வெச்சுக்கிறாரு. நான் எடுத்து மாருமேல வெச்சா கொஞ்ச நேரத்துல திரும்பவும் அங்கயே. கை கால் வெளங்காதுன்னாங்களே, நல்ல சகுனம்தானேக்கா?"

அகோசிதா நிதானமாக மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே பூசை முடிந்து மணி அடித்தது. பாட்டு அடங்கியது. தீவு முழுக்க ஒரே அமைதி. கைபேசியில் அத்தை கூப்பிட்டாள். இந்த முறை பின்னால் பிள்ளைகளின் கூச்சலும் பன்றிகளின் உறுமலும் கேட்டன.

"என்னடி, பையன் எப்படி இருக்கான்?"

"அத்தை, என்கிட்ட அஞ்சாவது வாசலக் கேட்டீங்களா? இப்ப? போன்ல?"

"நானா? எனக்கு ஒண்ணு வேணும்னா நான் ஏண்டி உன்கிட்ட கேக்கணும்? எடுத்துக்கிட்டுப் போவேன்!" சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தினாள். "ஏய். கேட்டுச்சா?"

"ஆமா."

"குடுத்தியா?"

"நீங்கன்னு நெனச்சு…"

"உன்கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன். படகுல ஏத்துறப்ப பெனி சொன்னதா அந்தப் பசங்க சொன்னானுங்க. கீழ யாரோ அவன்கிட்ட என்னவோ கேட்டாங்களாம். நம்ம வீட்டு ஆளுங்க கொரல்ல, தயவு பண்ணின்னு. அவன் தர மாட்டேன்னுட்டானாம். தர மாட்டேன்னு சொல்லிட்டேன், சொல்லிட்டேன்னு அதையே பொலம்பிட்டு வந்தானாம். அடியே, மூடுடி அத! மொதல்ல மூடு! நான் வரேன்!"

ஒரு வரியை எடுப்பது சுலபம். அதே வரி, முன்னால் 'வேண்டாம்' என்று ஒரு சொல். அடித்தாள். ஐந்தாவது மறைந்தது. வரத்து நின்றது. ஸ்விட்சில் அந்தப் பச்சை விளக்கு அணைந்தது.

நடைவழியின் கோடியில், வார்டில், எச்சரிக்கை மணி அலறியது.

தொலைபேசியில் ஹிங்கா கதறினாள். "அக்கா! மூச்சு நின்னுபோச்சு! மெஷின் ஓடுது, காத்து உள்ள போக மாட்டேங்குது! நெஞ்சு கல்லு மாதிரி… அக்கா, நீலமாயிட்டு வராரு, அக்கா!"

கைபேசியில் டாக்டரம்மா. "எதையும் மாத்தாதீங்கன்னு சொன்னேனே! எத எடுத்தீங்க? திரும்ப வைங்க! எதுவா இருந்தாலும் திரும்ப வைங்க!"

அவள் திரும்ப வைத்தாள். இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாவதில் வைத்தாள்.

மணி நின்றது.

"வந்துருச்சு," என்று ஹிங்கா விம்மினாள். "வந்துருச்சுக்கா. கலரு திரும்பிருச்சு."

பச்சை விளக்கு எரிந்தது. இழுத்து. விட்டு. வரத்து மறுபடி ஓடியது. முன்பைவிட வேகமாக. ஓடி, ஓடி, சட்டென்று நின்றது. வர வேண்டியது எல்லாம் வந்து முடிந்ததுபோல் நின்றது.

பிறகு நடைவழியில் காலடி கேட்டது.

அத்தையின் செருப்புச் சத்தம் இல்லை. வெறுங்கால். ஈரமான வெறுங்கால். தரையில் ஒட்டி, பிரிந்து, ஒட்டி, பிரிந்து.

"ஹிங்கா," என்றாள் தொலைபேசியில், உதடு அசையாமல். "பெனி கட்டில்லதான இருக்கான்?"

"இங்கதாங்க்கா. நான் கையப் பிடிச்சிட்டிருக்கேன்."

கதவு திறந்தது.

அவள் தலையைத் திருப்பவில்லை. கதவைத் தட்டாமல், வெளியே நின்று கூப்பிடாமல், தரையைப் பார்க்காமல் வருகிறவன் பெனி இல்லை. அது போதும் அவளுக்கு. திரையின் கறுப்பில் உருவம் தெரிந்தது. பெனியின் உயரம். பெனியின் தோள். அவன் மூழ்கப் போனபோது போட்டிருந்த சட்டை. சொட்டச் சொட்ட.

பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தது. முழங்கால் அவள் முழங்காலில் பட்டது. குளிர்.

"நல்லாருக்கியாக்கா," என்றது.

பெனியின் குரல்தான். முகத்துக்கு நேராக, கண்ணுக்கு நேராக.

அவள் 'வேண்டாம்' என்ற சொல்லை அடித்தாள். அதன் பின்னால் வரி முழுவதையும் அடித்தாள். இனி ஒரே ஒரு விசை. சுண்டுவிரல் அதன் மேல் நின்றது. தொலைபேசியில் ஹிங்கா சொல்லிக்கொண்டிருந்தாள், கண்ணைத் திறக்கிறாருக்கா, உங்க பேரைச் சொல்றாருக்கா, அக்கா எங்கன்னு கேக்கிறாரு, தண்ணி கேக்கிறாரு. அதற்குப் பின்னால் நிஜமாகவே அவன் குரல். தேய்ந்து, வறண்டு, உயிரோடு.

பக்கத்தில் இருந்தது மெதுவாகச் சாய்ந்தது. அவள் மடியில் தலையை வைத்தது. அம்மா செத்த அன்றுகூட பெனி அப்படி வைத்ததில்லை.

தொலைபேசியில் பெனி இருமினான். இருமி, மூச்சு இழுத்து, விட்டான்.

அகோசிதா விசையிலிருந்து விரலை எடுத்தாள். என்ன செய்வதென்று தெரியாத அந்தக் கையை மடியில் கிடந்த ஈர முடியின் மேல் வைத்தாள். முடிக்குக் கீழே எலும்பு இல்லை. விரல்கள் குளிர்ந்த சதைக்குள் மணிக்கட்டு வரை மெல்ல அமிழ்ந்தன. உள்ளிருந்து ஏதோ ஒன்று வாய் வைத்து ஒவ்வொரு விரலாகப் பற்றிக்கொண்டது. அவள் கையை இழுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மிச்சமிருந்த கையால், அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.